துறைக்கு வரும் தொலைபேசி, இணையப் பில்லைப் படித்துச் சரிபார்க்கும் முறை: பல்கலைக்கழக அலுவலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கில் நான் வேலை பார்த்த ஒரு துறை அலுவலகத்தில், போட்டோஸ்டாட் இயந்திரத்துக்குப் பின்னால் சுவரோடு ஒட்டியபடி ஒரு தொலைபேசிச் செருகுபெட்டி இருந்தது. அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே ஃபேக்ஸ் இயந்திரம் இருந்ததாகவும், அது பழுதாகி லுபுஸ் செய்யப்பட்டு (கணக்கிலிருந்து நீக்கி அப்புறப்படுத்தப்பட்டு) நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதாகவும் மூத்த கிராணி (எழுத்தர்) அம்மா சொன்னார். இயந்திரத்தைக் கழித்துக் கட்டியவர்கள் அதன் லைனைத் துண்டிக்கும்படி யாரிடமும் சொல்லவில்லை. மாதம் 35 ரிங்கிட் வாடகை, அதன்மேல் 6 விழுக்காடு சேவை வரி என்று 48 மாதங்களில் 1,780 ரிங்கிட் 80 சென் போயிருந்தது. அத்தனை மாதமும் பில்லைச் சரிபார்த்ததாகக் கையெழுத்து இருந்தது. கூட்டலில் ஒரு சென்கூடப் பிசகில்லை.

துறைகளின் தொலைபேசிச் செலவில் பணம் கரைவது பெரும்பாலும் பேசிய பேச்சில் அல்ல, யாருக்கும் சொந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் லைன்களின் வாடகையில்தான் என்பது என் அனுபவம். ஆகவே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு துறைக்கு இந்தப் பொறுப்பை ஏற்கும் நண்பர்கள், பில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருக்கும் தாள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பல்கலைக்கழகத்தில் தொலைபேசிக் கட்டணம் இரண்டு வழிகளில் துறையை வந்தடைகிறது. ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனம் நேரடியாகத் துறையின் பெயரிலோ பல்கலைக்கழகத்தின் பெயரிலோ அனுப்பும் பில். மற்றொன்று, நிறுவனத்தின் பெரிய பில்லைக் கணினி மையமோ பெண்டஹாரி (நிதி) அலுவலகமோ மொத்தமாகக் கட்டிவிட்டு, ஒவ்வொரு துறையின் பங்கையும் பிரித்து அந்தத் துறையின் ஒதுக்கீட்டிலிருந்து கழித்துக்கொள்ளும் உள்கணக்கு. முன்னதில் தவறு இருந்தால் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பின்னதில் தவறு இருந்தால் கணினி மையத்துக்கு எழுத வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், உள்கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கடைமுகப்பில் எண் வாங்கிக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. நிறுவனத்தின் பில்லில் கணக்கு எண்ணும் வரிப் பதிவு எண்ணும் சேவை வரிக்கென்று தனி வரியும் இருக்கும். உள்கணக்கில் துறையின் பிடிஜே (பொறுப்பு மையம்) குறியீடும் உள் எண்களின் பட்டியலும் இருக்கும். ஒரே துறைக்கு இரண்டும் வருவது வழக்கந்தான்: மேசைத் தொலைபேசிகள் உள்கணக்கில் வரும், துறைத் தலைவரின் கைப்பேசி நேரடிப் பில்லில் வரும்.

இரண்டாம் படி: லைன் பதிவேடு

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அறை அறையாக நடந்து, சுவரில் உள்ள ஒவ்வொரு தொலைபேசிச் செருகுபெட்டியையும் இணையப் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் எண், இருக்கும் இடம், பயன்படுத்துபவர், எந்த ஒதுக்கீட்டில் கட்டப்படுகிறது, எப்போது தொடங்கியது என்ற ஐந்து கட்டங்கள் போதும். இவற்றில் ‘பயன்படுத்துபவர்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கவே கூடாது. பெயர் எழுத முடியாத லைனைத்தான் நாம் தேடுகிறோம்.

எண் எழுதப்படாத செருகுபெட்டியில் என்ன செய்வது? நல்ல தொலைபேசி ஒன்றை எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள். டயல் ஒலி கேட்டால் லைன் உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு அழைத்தால் திரையில் எண் தெரியும். ஆனால் பிஏபிஎக்ஸ் (வளாகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) வழியாகச் செல்லும் உள் எண்ணாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் பொது எண்தான் கைப்பேசியில் விழக்கூடும். அப்போது, திரையுள்ள ஓர் அலுவலகத் தொலைபேசிக்கு உள்ளிருந்தே அழைத்துப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் எண்கள் 03-7967 என்றும், மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் எண்கள் 04-653 என்றும் தொடங்கி, கடைசி நான்கு இலக்கங்களே உள் எண்ணாக அமைவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த முன்னெண் இல்லாத ஒரு நிலையான எண் உங்கள் துறையில் இருந்தால், அது பெரும்பாலும் யாரோ எப்போதோ நேரடியாக வாங்கிய தனி லைன். அதன்மீது கண் வையுங்கள்.

மனிதர் கையில் இல்லாத சிம் அட்டைகளையும் இந்தப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மின்தூக்கியின் அவசர அழைப்புப் பெட்டி, எச்சரிக்கை மணிக் கருவி, ஆய்வுக்காக ஆற்றங்கரையில் வைத்த நீர்மட்ட அளவி ஆகியவற்றுக்குள்ளும் மாத வாடகை உண்ணும் சிம் இருக்கலாம். ஆய்வுத் திட்டம் முடிந்து, பேராசிரியரும் ஓய்வுபெற்ற பிறகு, கருவி வெயிலில் காய்ந்தபடி தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். படிக்க ஆள் இருக்காது.

மூன்றாம் படி: பில்லின் உறுப்புகள்

பில்லில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அன்று, காலத்தை. பில் நாள் ஒன்று, கணக்கிடப்பட்ட காலம் வேறொன்று. நிலையான வாடகை பெரும்பாலும் முன்கூட்டியும், பேசிய கட்டணம் பேசி முடித்த பிறகும் கணக்கிடப்படும். அதனால் ஒரே பில்லில் மார்ச் மாதத்தின் அழைப்புகளும் ஏப்ரல் மாதத்தின் வாடகையும் அருகருகே நிற்கும். இதை அறியாதவருக்கு, புதிய லைனின் முதல் பில் எப்போதும் அநியாயமாகத் தோன்றும். இணைப்புக் கட்டணம், மாதத்தின் எஞ்சிய நாட்களுக்கான வாடகை, அடுத்த மாத வாடகை மூன்றும் அதில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

ஒரு மாதிரிப் பில்லைக் கூட்டிப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. நான்கு லைன்களுக்கு ஏப்ரல் வாடகை தலா 35 ரிங்கிட் வீதம் 140.00. மார்ச் மாத அழைப்புகள் 27.36. இணைய இணைப்பு 250.00. மொத்தம் 417.36. இத்துறை ஐந்தாவதாக வைத்திருந்த ஒரு லைனை மார்ச் 12ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனால் மார்ச் மாத வாடகையை முன்பே கட்டியாகிவிட்டது. ஆகவே 13 முதல் 31 வரையிலான 19 நாட்களுக்கு உரிய பணம் திரும்ப வர வேண்டும். 35 ரிங்கிட்டை 31ஆல் வகுத்து 19ஆல் பெருக்கினால் 21.45. அதைக் கழித்தால் 395.91. அதற்கு 6 விழுக்காடு வரி 23.75. ஆக 419.66. கடைசியில் ‘பெங்கெனாபான்’ (முழுமையாக்கல்) என்ற பதிவில் ஒரு சென் கழிந்து 419.65 ஆகும். 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 5 சென் முழுமையாக்கல் முறைதான் இது; தவறன்று.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம், திரும்ப வரும் தொகை வரிக்கு முன் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பது. 417.36க்கு வரி போட்டுவிட்டுப் பிறகு 21.45ஐக் கழித்திருந்தால் வரி 25.04 ஆகியிருக்கும், 1 ரிங்கிட் 29 சென் நம்மிடமே கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு ரிங்கிட்தானே என்று தோன்றலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தவிரவும், ஓரிடத்தில் இப்படிக் கணக்கிடும் முறை எல்லாத் துறைகளின் பில்லிலும் அப்படியேதான் கணக்கிடும்.

வரி விகிதத்தில் குழப்பம் பரவலாக இருப்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பர் 1 அன்று பொருள் சேவை வரிக்குப் பதிலாகச் சேவை வரி மீண்டும் வந்தபோது விகிதம் 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் பொதுவான சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் தொலைத்தொடர்புச் சேவை, உணவு, வாகன நிறுத்தம் முதலிய சில சேவைகள் 6 விழுக்காட்டிலேயே நின்றன. ஆகவே தொலைபேசி வாடகைக்கு 8 விழுக்காடு போட்ட தாள் வந்தால் ஏன் என்று கேளுங்கள். கருவிப் பராமரிப்பு போன்ற வேறு சேவை அதே பில்லில் சேர்ந்திருந்தால், அதற்கு வேறு விகிதம் இருப்பது தவறாகாது. இரண்டும் தனித்தனிப் பதிவுகளாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் படி: அழைப்புகளை வகைப்படுத்துதல்

அழைப்புப் பட்டியலைப் படிக்க முன்னெண்களே திறவுகோல். 03 கோலாலம்பூர், சிலாங்கூர்; 04 பினாங்கு, கெடா, பெர்லிஸ்; 01இல் தொடங்குபவை பெரும்பாலும் கைப்பேசி; 00 வெளிநாடு. 1-800 எண்ணுக்கு அழைப்பவர் பணம் கட்டுவதில்லை, அந்த எண்ணை வைத்திருப்பவரே கட்டுகிறார்; உங்கள் புலம் மாணவர் சேர்க்கைக்காக அத்தகைய எண் வைத்திருந்தால், வரும் அழைப்புகளுக்கும் பில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். 1-300 எண்ணுக்கு அழைப்பவர் உள்ளூர் விகிதத்தைக் கட்டுகிறார். 600இல் தொடங்குபவை தகவல், பொழுதுபோக்குச் சேவைகளுக்கான உயர்கட்டண எண்கள். துறைத் தொலைபேசியில் அவற்றுக்கு வேலையே இல்லை, அடைத்துவிடச் சொல்லலாம்.

கைப்பேசி எண்ணின் முன்னெண்ணைப் பார்த்து, ‘இது நம் நிறுவனத்து எண், இலவசமாக இருந்திருக்க வேண்டும்’ என்று வாதாடுவதில் பயனில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2008ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 012 என்பது இப்போது எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராகவும் இருக்கலாம்.

நேரத்தை எப்படி முழுமையாக்குகிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். 65 விநாடி நீடித்த அழைப்பை நிமிடக் கணக்கில் போட்டால் இரண்டு நிமிடம். அப்படி நூறு அழைப்புகள் பேசினால், உண்மையில் பேசியது 108 நிமிடம் 20 விநாடி. கட்டணம் 200 நிமிடத்துக்கு. விகிதம் குறைவு என்று காட்டும் ஒரு திட்டம், விநாடிக் கணக்கில் பார்த்தால் விலை கூடியதாக முடிவது இதனால்தான்.

உள்கணக்கில் வரும் அழைப்புப் பட்டியலில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. பட்டியலைத் தயாரிப்பது நிறுவனம் அல்ல, வளாகத்திலுள்ள பிஏபிஎக்ஸ். பழைய வகை அனலாக் ட்ரங்க் (வளாகத்தை வெளி வலையமைப்போடு இணைக்கும் லைன்) வழியாகச் செல்லும் அழைப்பில் எதிர்முனையில் தொலைபேசியை எடுத்தார்களா என்பது பல பிஏபிஎக்ஸ்களுக்குத் தெரியாது. அதனால் டயல் செய்த பிறகு இத்தனை விநாடி கடந்தால் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளும்படி அதில் ஒரு கால அளவு அமைத்திருப்பார்கள். மணி நீண்ட நேரம் அடித்தும் யாரும் எடுக்காத அழைப்பு, நிறுவனத்தின் பில்லில் இல்லாமல் உள்கணக்கில் மட்டும் கட்டணத்தோடு இருப்பதற்கு இதுவே காரணம். டிஜிட்டல் வகைகளான ஐஎஸ்டிஎன் இணைப்பிலும் எஸ்ஐபி ட்ரங்கிலும் எடுத்த கணம் சமிக்ஞையாகவே வந்துவிடுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. உங்கள் உள்கணக்கின் மொத்தம் நிறுவனத்தின் பில்லைவிடக் கூடுதலாக இருந்தால், வளாகத்தின் ட்ரங்க் எந்த வகை என்ற ஒற்றைக் கேள்வியைக் கணினி மையத்திடம் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பட்டியலில் நள்ளிரவுக்குப் பின்னும் வார இறுதியிலும் வெளிநாட்டு அழைப்புகள் வரிசையாகத் தெரிந்தால், துறையிலுள்ள யாரையும் சந்தேகிப்பதற்கு முன் கணினி மையத்துக்குத் தொலைபேசுங்கள். குரல்அஞ்சலின் கடவு எண்ணை 1234 என்றே விட்டுவைத்த உள் எண்களின் வழியே வெளியார் பிஏபிஎக்ஸுக்குள் நுழைந்து, இரவோடு இரவாக வெளிநாடுகளுக்கு அழைத்துத் தள்ளுவது உலகெங்கும் நடக்கும் மோசடி. வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத உள் எண்களில் அதை அடைத்து வைப்பதே இதற்கு மலிவான காப்பு.

ஐந்தாம் படி: இணையமும் டேட்டாவும்

இங்கே அலகுகளில்தான் முதல் தடுமாற்றம். இணைப்பின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு பைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் ஒரு விநாடிக்கு அதிகமாகப் போனால் 12.5 மெகாபைட்தான் வரும். பணம் கட்டிய வேகம் வரவில்லை என்று புகார் எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

துறைக்கு வரும் டேட்டாக் கட்டணம் மூன்று விதம். சுவரிலுள்ள ஒவ்வொரு இணையப் புள்ளிக்கும் இவ்வளவு என்று கணினி மையம் போடுவது ஒன்று. இதைச் சரிபார்க்க லைன் பதிவேடே போதும். மாதத்துக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டும் தனி அகலப்பட்டை இணைப்பு இன்னொன்று. 2005ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகங்களை இணைத்துவரும் மைரென் வலையமைப்பு வளாகத்தில் இருக்கும்போது, தனி இணைப்பு ஏன் தேவை என்பதற்கு எழுத்தில் ஒரு காரணம் கோப்பில் இருக்க வேண்டும்; தணிக்கையாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மூன்றாவது, பயன்பாட்டின் உச்சத்தை வைத்துப் போடும் கட்டணம். ஆய்வுக்கூடங்களுக்கும் தரவு மையங்களுக்கும் இது வரக்கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, மாதம் முழுவதற்குமான அளவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலேயுள்ள 5 விழுக்காட்டைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் அளவுக்குப் பணம் கேட்பார்கள். 30 நாள் மாதத்தில் 8,640 அளவுகள். தள்ளப்படுபவை 432, அதாவது 36 மணி நேரம். மாணவர் பதிவு நாளில் இணைப்பு திணறினாலும் அது இந்த 36 மணிக்குள் அடங்கிவிடும், பில்லைத் தொடாது. ஆனால் இரவுதோறும் இரண்டு மணி நேரம் ஓடும் காப்புப்பிரதி, மாதத்துக்கு 60 மணி நேரம் ஆகி, பில்லை உச்ச வேகத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். அதையே ஒரு மணி நேரத்துக்குள் முடியும்படி குறைத்தால் 30 மணி. கட்டணம் தானாக இறங்கிவிடும். கணக்குத் தெரிந்த கிராணி ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

ரோமிங் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சென்னைக்கு மாநாட்டுக்குப் போகும் விரிவுரையாளர், புறப்படுவதற்கு முன்பே ரோமிங் திட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது டேட்டா ரோமிங்கை அடைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்த பிறகு எழுதும் விளக்கக் கடிதத்தால் தொகை குறைந்து நான் பார்த்ததில்லை.

ஆறாம் படி: எந்த வோட்டில் (செலவுத் தலைப்பில்) எழுதுவது

அரசாங்கக் கணக்கு முறையில் தொடர்பும் பயனீட்டுச் சேவையும் 23000 என்ற செலவுக் குறியீட்டில் அடங்கும். மாத வாடகை, அழைப்பு, டேட்டா ஆகியவற்றுக்கு அதுவே இடம். புதிய தொலைபேசிக் கருவி வாங்கியது நிறுவனத்தின் பில்லிலேயே தவணையாக வந்தாலும், அது பொருள் வாங்கியது. வாடகையோடு சேர்த்து எழுதக் கூடாது. ஆய்வு மானியத்தில் கட்டும் லைன்களுக்கு, மானியம் முடியும் தேதியைப் பதிவேட்டில் சிவப்பில் குறித்துவையுங்கள். மானியக் கணக்கு மூடப்பட்ட மறு மாதம் அந்தப் பில் சத்தமில்லாமல் துறையின் பொது ஒதுக்கீட்டுக்கு வந்துவிடும்.

முறையான பில் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும் என்பது கருவூல உத்தரவு 103இன் விதி; பல்கலைக்கழகங்களும் பொதுவாக இதே கணக்கைத்தான் கடைப்பிடிக்கின்றன. அதனால் பில் வந்த நாளன்றே முத்திரை குத்துவது முக்கியம். துறைத் தலைவரின் மேசையில் பத்து நாள் கிடந்த பில்லுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, முத்திரை பதில் சொல்லும்.

ஏழாம் படி: தவறு கண்டால்

2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு வருவாய் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ் முறைக்கு வந்துவிட்டன. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் இதில் அடங்கும். உள்நாட்டு வருமான வரி வாரியம் சரிபார்த்த இ-இன்வாய்ஸை மறுக்க வேண்டுமானால், சரிபார்த்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் மறுப்புக் கோரிக்கை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரெடிட் நோட், டெபிட் நோட் போன்ற திருத்த ஆவணங்கள் வழியாக மட்டுமே திருத்த முடியும். வெள்ளிக்கிழமை மாலை வந்த இன்வாய்ஸைத் திங்கட்கிழமை காலைத் தேநீருக்குப் பிறகு திறந்தால், அந்த 72 மணியில் பெரும்பகுதி போயிருக்கும்.

புகார்க் கடிதத்தில் கணக்கு எண், பில் நாள், தவறான பதிவு எது, நம் கணக்குப்படி சரியான தொகை எவ்வளவு, எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறோம் என்பவை இருக்க வேண்டும். பில் தவறு என்று பொதுவாக எழுதும் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். சச்சரவில் இல்லாத தொகையைத் தவறாமல் கட்டிவிடுங்கள். இல்லையெனில் 21 ரிங்கிட்டுக்கான வழக்கில் நான்கு லைன்களும் அடைபடும். நிறுவனம் தீர்த்துவைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் பதியலாம். ஆனால் நிறுவனத்துக்கு எழுதியதற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு செல்லுங்கள்.

எட்டாம் படி: லைனை நிறுத்துவது

நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டோம் என்பது நிறுத்தியதாகாது. குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்து, விண்ணப்பத்தை அனுப்பி, அதற்கான குறிப்பு எண்ணையும் நிறுத்தப்படும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் தொலைபேசியை எடுத்துச் சென்று அதே செருகுபெட்டியில் செருகிப் பாருங்கள். அடுத்த இரண்டு பில்களில் வாடகைப் பதிவு மறைந்திருக்கிறதா, எஞ்சிய நாட்களின் பணம் திரும்ப வந்திருக்கிறதா என்பதைச் சரிபார்த்த பிறகே பதிவேட்டில் அந்த எண்ணின்மீது கோடு போடலாம்.

போட்டோஸ்டாட் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஃபேக்ஸ் லைனை நிறுத்தவும் எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. முதல் விண்ணப்பத்துக்குப் பிறகும் டயல் ஒலி கேட்டது. செருகிப் பார்த்ததால்தான் தெரிந்தது. இரண்டாவதற்குப் பிறகு வந்த பில்லில் அந்த 35 ரிங்கிட் வாடகை இல்லை. கிராணி அம்மா அந்தப் பில்லின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டுக் கோப்பில் சேர்த்தார்.